பழைய சைலெக்ஸ் வாக்குவம் காப்பிப் பானைக்கு வடிகட்டி இல்லை. வீட்டிலேயே செய்துகொள்ள வழி உண்டா?

எடிசன்_டிகாக்ஷன் (சனி)

எல்லோருக்கும் வணக்கம். நியூஜெர்சி எடிசனில் இருக்கிறேன். பக்கத்து வீட்டு அமெரிக்கப் பாட்டிக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. வீட்டை விற்றுவிட்டு அடுத்த மாதம் மகளோடு போய்விடுகிறார். போன வாரம் பரணிலிருந்து இறக்கிய ஓர் அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே அவருடைய அம்மா வைத்திருந்த சைலெக்ஸ் வாக்குவம் காப்பிப் பானை. கீழே ஒரு கண்ணாடிக் குடுவை, மேலே நீளக் குழாய் வைத்த இன்னொரு குடுவை, கறுப்பு பேக்கலைட் கைப்பிடி. ரப்பர் வளையம் அதிசயமாக இன்னும் வளைகிறது. மின் அடுப்புச் சுருளின்மேல் வைக்கும் கம்பிகூடப் பெட்டியில் இருந்தது. கீழ்க் குடுவைத் தண்ணீரைச் சூடாக்கினால் அது குழாய் வழியே மேலே ஏறித் தூளோடு கலக்கும்; அடுப்பை அணைத்தால் வடிகட்டி வழியாகக் காப்பியாகக் கீழே இறங்கும்.

வடிகட்டிதான் போய்விட்டது. பீங்கான் வட்டு இரண்டாக உடைந்திருக்கிறது. ஸ்பிரிங் துருவேறிக் கையில் எடுத்ததுமே நொறுங்கியது. துணி இருந்த இடத்தில் பழுப்பாகக் கொஞ்சம் தூள்.

நேற்று ஒரு கைக்குட்டையை நாலாக மடித்துக் குழாய் வாயில் செருகி, ஊரிலிருந்து கொண்டுவந்த காப்பித் தூளைப் போட்டேன். தண்ணீர் அழகாக மேலே ஏறியது. அடுப்பை அணைத்த பிறகு இறங்கவேயில்லை. பத்து நிமிடம் நின்று பார்த்தேன். திடீரென்று துணி ஒருபக்கம் விலகி, மொத்தத் தூளும் கீழே வந்துவிட்டது.

பாட்டி கிளம்புமுன் இந்தப் பானையில் ஒரு தடவையாவது காப்பி போட்டுக் கொடுக்க வேண்டும் என்று ஆசை. யாராவது செய்து பார்த்திருந்தால் சொல்லுங்கள்.

---

கண்ணாடிக்குழாய் (சனி)

முப்பது வருடம் கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவைகளோடு இருந்தவன் நான். வடிகட்டியைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன்: நேற்று நீங்கள் பத்து நிமிடம் நின்று பார்த்தீர்களே, அது எனக்குப் பயமாக இருக்கிறது.

தண்ணீரை மேலே தள்ளுவதற்குப் பெரிய அழுத்தம் வேண்டியதில்லை. 15 செ.மீ. உயரத்துக்கு ஏற்ற, காற்றழுத்தத்தில் 1.5 சதவீத அளவு கூடுதலாக இருந்தால் போதும். அதனால்தான் கொதி வருமுன்பே தண்ணீர் ஏற ஆரம்பிக்கிறது. இறங்கும்போது கதை வேறு. கீழ்க் குடுவையில் இருந்த காற்றை நீராவி ஏற்கெனவே குழாய் வழியாகத் துரத்தியிருக்கும். அடுப்பை அணைத்தால் அந்த ஆவி குளிர்ந்து தண்ணீராகிறது. வடிகட்டி அடைத்துக்கொண்டு எதுவும் இறங்காவிட்டால் உள்ளே வெற்றிடம் கூடிக்கொண்டே போகும். 80 டிகிரிக்கு வந்தால் உள்ளே இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தில் பாதியைவிடக் குறைவு. அதாவது கண்ணாடியின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் வெளிக்காற்று அரை கிலோ எடை வைத்ததுபோல அழுத்துகிறது. நல்ல கண்ணாடி தாங்கும். எழுபது வருடம் தேய்த்துக் கழுவிக் கீறல் விழுந்த கண்ணாடியை நான் நம்பமாட்டேன்.

எனவே முதலில் குடுவையை விளக்குக்கு நேராகப் பிடித்துச் சுற்றிச் சுற்றிப் பாருங்கள். நகம் தட்டுப்படும் கீறலோ வாய் ஓரத்தில் சில்லு பெயர்ந்த இடமோ இருந்தால் அடுப்பில் வைக்காதீர்கள், அலமாரியில் வையுங்கள். சரியாக இருந்தாலும் மூன்று நிமிடத்துக்குள் இறங்கவில்லை என்றால் அடுப்பை மெல்ல மறுபடி ஏற்றுங்கள். ஆவி மேலே தள்ளும், அடைப்பு இளகும். ஒரு மரக்கரண்டியால் கலக்கிவிட்டு மறுபடி அணையுங்கள். மேல் குடுவையைப் பிடித்து ஆட்டி இழுக்கவே கூடாது.

இன்னொன்று, கீழ்க் குடுவை தண்ணீரே இல்லாமல் ஒரு நிமிடம்கூடத் தீயில் இருக்கக் கூடாது.

---

ஸ்காபரோ_கோப்பி (சனி)

வணக்கம் அண்ணை. நான் டொரொன்டோவில. ஜப்பான் ஹாரியோ சைபன் அஞ்சு வருஷமாப் பாவிக்கிறன். உங்கட சைலெக்ஸ் மாதிரியேதான், கொஞ்சம் சின்னது.

கைக்குட்டை ஏன் விலகினது எண்டு விளங்குதோ? வடிகட்டிக்கு இரண்டு பக்கத்தாலயும் தள்ளு வரும். தண்ணி மேல ஏறேக்கை அதைத் தூக்கப் பாக்கும், இறங்கேக்கை உள்ள இழுக்கப் பாக்கும். அதனாலதான் வட்டுக்குக் கீழ ஸ்பிரிங். ஸ்பிரிங் நுனியில கொக்கி. கொக்கியைக் குழாயின்ட அடி விளிம்பில மாட்டினா வட்டு அசையாமல் இருக்கும். துணியை மட்டும் மாத்திப்போட்டு ஸ்பிரிங்கை விட்டா நேற்று நடந்ததுதான் திரும்பவும் நடக்கும்.

ஹாரியோவில கொக்கிக்குக் கீழ தொங்கிற மாதிரி ஒரு மணிச் சங்கிலியும் இருக்கு. நான் முதல்ல அது அலங்காரம் எண்டு நினைச்சனான். அதுக்கு ஒரு வேலை இருக்கு. சங்கிலி கீழ்க் குடுவைத் தண்ணியில தொங்கேக்கை அதில இருந்து சின்னச் சின்னக் குமிழி தொடர்ந்து வரும். தண்ணி ஒரேயடியாக் குமுறிப் பொங்காது. குமிழி ஒழுங்கா வரத் தொடங்கினா மேல் குடுவையைப் பொருத்தலாம் எண்டு அடையாளமும் அதுதான்.

கடையில ஹாரியோ வடிகட்டி தனியா வாங்கலாம். ஆனா உங்கட குழாய் நீளம் கூட எண்டால் கொக்கி எட்டாது. வாங்க முதல் அளந்து பாருங்கோ.

---

ஈரோட்டுத்தறி (ஞாயிறு)

துணியப் பத்திக் கேட்டா நம்ம பேசலாமுங்க, எங்க வீட்ல மூணு தலைமுறையா தறிதான்.

கைக்குட்டைத் துணி நெருக்கமா நெய்ஞ்சது, வழவழப்பானது. தூளோட மாவு போய்க் கண்ணை அடைச்சுருமுங்க. வேணும்கிறது ஒரு பக்கம் பஞ்சு எழுப்பின பருத்தி ஃபிளானல். அந்தப் பஞ்சு மாவைப் பிடிச்சு நிறுத்தும், நெசவுக் கண்ணு திறந்தே இருக்கும். ரெண்டு வேலையும் ஒரே துணி செய்யும். ஆனா பாலியஸ்டர் கலக்காத துணியாப் பாருங்க. ஒரு நூலை உருவி நெருப்புல காட்டுங்க. காகிதம் எரிஞ்ச மாதிரி சாம்பலாச்சுன்னா பருத்தி, உருகி உருண்டையாச்சுன்னா வேண்டாம்.

அமெரிக்காவுல குழந்தைங்க ராத்துணிக்குன்னு விக்கிற ஃபிளானல்ல தீப்பிடிக்காம இருக்க மருந்து போட்டிருக்கலாமுங்க. அதைத் தொடாதீங்க. பளீர்னு வெள்ளையா இருக்கிற துணியும் வேண்டாம். வெளுப்புக் காட்ட ரசாயனம் ஏத்தியிருப்பாங்க. நோட்டு சோதிக்கிற ஊதா விளக்கு அடிச்சா நீலமா மின்னும், கண்டுபிடிச்சுரலாம். வெளுக்காத, கொஞ்சம் மஞ்சள் ஓடுன துணிதான் நல்லது.

ஃபிளானல் கிடைக்கலைன்னா காடாத் துணி ஒரு அடுக்குப் போடலாம். ஆனா காடாவுல பாவு நூலுக்குக் கஞ்சி ஏத்தியிருக்கும். அப்படியே போட்டா காப்பியில கஞ்சி வாடை அடிக்கும், துணியும் இறுகிப் போகும். மூணு தண்ணி மாத்திக் கொதிக்க வைங்க, ஒவ்வொரு தடவையும் கால் மணி நேரம். கடைசித் தண்ணி தெளிவா வந்தாப் போதும். சோப்புத் தூள் போடவே கூடாது, அந்த வாசம் போகவே போகாது.

வெட்டுறதுக்கு முன்னாடியே கொதிக்க வெச்சுருங்க தம்பி. பருத்தி சுருங்கும். வெட்டின பிறகு கொதிக்க வெச்சா அளவு பத்தாமப் போயிரும்.

---

பீபெரி_கோவை (ஞாயிறு)

இவ்வளவு சிரமம் எதற்கு? ஏரோபிரஸ் என்ற கையால் அழுத்திக் காப்பி போடும் குழாய்க்கான காகித வடிகட்டி வட்டமாக வருகிறது, விட்டம் ஏறக்குறைய 64 மி.மீ. துளை போட்ட எந்த வட்டின்மேலும் ஒன்றை வைத்தால் போதுமே. துவைக்க வேண்டாம், நாற்றம் வராது, காப்பியும் தெளிவாக இருக்கும். நான் துணியிலிருந்து காகிதத்துக்கு மாறி இரண்டு வருடம் ஆகிறது.

இன்னொரு சந்தேகம். எடிசன் நண்பர் ஊரிலிருந்து கொண்டுவந்த தூள் என்கிறார். சிக்கரி கலந்ததா?

---

எடிசன்_டிகாக்ஷன் (ஞாயிறு)

ஆமாம், கும்பகோணத்தில் அரைத்தது. 80-க்கு 20.

---

பீபெரி_கோவை (ஞாயிறு)

அப்படியென்றால் பாதிக் காரணம் அதுதான். நம் ஊர் ஃபில்டருக்கு அரைக்கும் தூள் நைசு. சிக்கரி தண்ணீர் பட்டதும் ஊறிப் பிசுபிசுப்பாகி அடியில் களிபோல உட்காரும். சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் இறங்குகிற பித்தளை ஃபில்டருக்கு அது பொருத்தம். ஒரு நிமிடத்தில் இறங்க வேண்டிய இந்தப் பானைக்குப் பொருந்தாது. சிக்கரி இல்லாமல், ரவையைவிடக் கொஞ்சம் நைசாக அரைத்து வாங்குங்கள்.

---

கண்ணாடிக்குழாய் (ஞாயிறு)

சிக்கரி பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. காகிதத்தைப் பற்றி மாற்றுக் கருத்து உண்டு. வட்டின்மேல் தளர்வாக வைத்த காகிதம் தண்ணீர் ஏறும்போது மிதந்து போகும். ஓரத்தை இறுக்கிப் பிடிக்கும் இரட்டை வளையம் வேண்டும். ஹாரியோவில் காகிதத்துக்கென்று திருகி மூடும் தனி வட்டே இருக்கிறது. பழைய சைலெக்ஸில் குடுவையின் அடி புனல்போலச் சரிகிறது. தட்டையான வட்டு அந்தச் சரிவில் உட்காரும்போது ஓரத்தில் இடைவெளி விழும். துணியாக இருந்தால் விளிம்பு தடித்து வாஷர் மாதிரி அந்த இடைவெளியை அடைத்துக்கொள்ளும். காகிதத்தால் அது முடியாது.

---

வடக்கு_லண்டன் (திங்கள்)

ஐயாமார்களே, துணி, காகிதம் இரண்டையும் விட்டு மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. என்னிடம் இருப்பது கோனா என்ற வாக்குவம் பானை. ஆங்கிலேயர் தயாரிப்பு, ஆபிரம் கேம்ஸ் வடிவமைத்த மாதிரி. 1951-இல் நடந்த பிரிட்டன் விழாவுக்குச் சின்னம் வரைந்தவரும் அவர்தான். கோனாவில் துணியே கிடையாது. ஒரு கண்ணாடித் தண்டு குழாய்க்குள் நிற்கும். தலைப்பக்கம் தடித்து, குழாய் வாயை மூடினாற்போல உட்காரும். மூடும் இடத்தில் சிறு சிறு புடைப்புகள். அந்தப் புடைப்புகள் விடும் மயிரிழை இடைவெளி வழியாகத்தான் காப்பி இறங்குகிறது.

அமெரிக்காவில் சிகாகோவின் கோரி நிறுவனமும் இப்படிக் கண்ணாடித் தண்டு செய்தது. பழம்பொருள் சந்தைகளில் இப்போதும் கிடைக்கிறது, சைலெக்ஸ் குழாய்களில் பெரும்பாலும் உட்காருகிறது. தேடிப் பாருங்கள். துணி வாடை, எண்ணெய்ப் பிசுக்கு எதுவும் இல்லாத காப்பி கிடைக்கும். குடித்தால் அப்புறம் துணிக்குத் திரும்ப மனம் வராது.

---

எடிசன்_டிகாக்ஷன் (திங்கள்)

லண்டன் ஐயா சொன்னதைப் படித்ததும் தூக்கம் வரவில்லை. கோரி தண்டு ஒன்று இணையத்தில் இருக்கிறது, ஆனால் வந்து சேரப் பன்னிரண்டு நாள். பாட்டி அதற்குள் போய்விடுவார்.

என் மகனுடைய கோலிக்குண்டு ஒன்றை நன்றாகக் கொதிக்கவைத்துக் கழுவி, குழாய் வாயில் உட்காரவைத்தேன். வெறும் தண்ணீரோடுதான் சோதனை, தூள் போடவில்லை. ஏறும்போது குண்டு துள்ளித் துள்ளி வழிவிட்டது. இறங்கும்போது சோடா பாட்டில் மூடினதுபோலக் கப்பென்று அடைத்துக்கொண்டது. உடனே அடுப்பை மறுபடி ஏற்றிவிட்டேன். கண்ணாடிக்குழாய் ஐயா சொல்லியிருக்காவிட்டால் நின்று வேடிக்கை பார்த்திருப்பேன்.

---

கண்ணாடிக்குழாய் (திங்கள்)

சோடா பாட்டில் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். வழவழப்பான கோளம் வட்டமான வாயில் உட்கார்ந்தால் நீர் கசியாத அடைப்பு. அதை வைத்துத்தானே கோலி சோடா வாயுவை அடைத்துவைக்கிறார்கள். கோரி தண்டின் சூட்சுமம் முழுக்க அந்தப் புடைப்புகளில் இருக்கிறது.

இன்னொன்றும் கவனியுங்கள். அந்தத் தண்டு தானாகப் பெரிதாக எதையும் வடிகட்டுவதில்லை. முதலில் இறங்கும் கொஞ்சம் காப்பியோடு சில துகள்கள் நழுவிப் போகும். பிறகு பெரிய துகள்கள் தண்டைச் சுற்றி மேடாகக் குவிந்து, அந்த மேடே மிச்சத்தை வடிகட்டும். ஆற்றங்கரையில் ஊற்றுத் தோண்டினால் மணல் தண்ணீரைத் தெளிவாக்கித் தருகிறதே, அதே வேலை. ஆகவே கண்ணாடித் தண்டுக்குத் தூள் இன்னும் கொரகொரப்பாக வேண்டும். மாவு அதிகமான தூள் என்றால் தண்டிலும் அடைக்கும்.

---

மொழுக்கட்டி (திங்கள்)

ஹார்டுவேர் கடையில் ஜன்னலுக்கு அடிக்கும் கொசு வலை கிடைக்குமே? வட்டமாக வெட்டிப் போட்டால் வேலை முடிந்தது.

---

ஸ்காபரோ_கோப்பி (திங்கள்)

வேண்டாம் தம்பி. ஜன்னல் வலை அலுமினியம், இல்லாட்டி துத்தநாகம் பூசின கம்பி, இல்லாட்டி பிளாஸ்டிக் பூசின கண்ணாடி நூல். கொதிக்கிற கோப்பி புளிப்புத்தன்மை உள்ளது. அதுக்குள்ள இதுகளைப் போடக் கூடாது. கண்ணும் பெரிசு, தூள் எல்லாம் இறங்கும்.

வலைதான் வேணுமெண்டால் துருப்பிடிக்காத எஃகு வலை, 100 மெஷ்சுக்கு (ஒரு அங்குலத்துக்கு நூறு கண்ணு) குறையாமல். அந்த அளவில கண்ணு 0.15 மி.மீ. அதிலயும் மண்டி கொஞ்சம் வரும். நான் பாத்தனான், பிரெஞ்ச் பிரஸ் கோப்பி மாதிரி இருந்தது. சைபன் எண்டால் தேத்தண்ணி மாதிரித் தெளிவு வேணும். அதுக்குத் துணிதான்.

---

எடிசன்_டிகாக்ஷன் (செவ்வாய்)

நேற்று இரவு பாத்திரம் கழுவும்போது கையில் கிடைத்தது ஒன்று. படம் இணைத்திருக்கிறேன், பாருங்கள். நம் எவர்சில்வர் ஃபில்டரின் குடை! இரண்டு பேர் காப்பிக்கான சின்ன ஃபில்டர். குடையின் விட்டம் 52 மி.மீ., உடைந்த பீங்கான் வட்டும் கிட்டத்தட்ட அதே அளவு. முழுக்கத் துளைகள். நடுவில் தண்டு. தலைகீழாகப் பிடித்தால் தண்டு நேராகக் குழாய்க்குள் இறங்குகிறது, சுற்றிலும் காப்பி போக இடம் இருக்கிறது.

இதன்மேல் துணியைச் சுற்றிக் கட்டினால் சரிவருமா? தண்டு நுனியை எப்படிக் கீழே இழுத்துப் பிடிப்பது என்றுதான் தெரியவில்லை. பேனா ஸ்பிரிங் ஒன்று வைத்துப் பார்த்தேன், போதவில்லை.

---

கண்ணாடிக்குழாய் (செவ்வாய்)

அருமை. மனதாரச் சொல்கிறேன், இது எனக்குத் தோன்றவில்லை. பித்தளைக் குடையாக இருந்தால் வெள்ளீயப்பூச்சு தேயாமல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வேன். எவர்சில்வர் என்றால் அந்தக் கவலை இல்லை.

பேனா ஸ்பிரிங் உணவுக்கானது இல்லை, துருவும் பிடிக்கும். எடுத்துவிடுங்கள். தண்டு நுனியில் 2 மி.மீ. துளை ஒன்று போடுங்கள். துளை போட்ட பிறகு ஓரத்தை அரத்தால் நன்றாக மழுக்கிவிடுங்கள். பிசிறு இருந்தால் குழாயின் உள்பக்கம் கீறும், பழைய கண்ணாடிக்கு உள்கீறல் பெரிய எதிரி.

---

ஸ்காபரோ_கோப்பி (செவ்வாய்)

அந்தத் துளையில 304 ரகத் துருப்பிடிக்காத எஃகு ஸ்பிரிங் ஒண்டு, அதின்ட நுனியில கொக்கி, கொக்கிக்குக் கீழ தொங்க எஃகு மணிச் சங்கிலி. ஸ்பிரிங்கின்ட நீளத்தை எப்பிடித் தீர்மானிக்கிறது எண்டால், கொக்கி தானாத் தொங்கேக்கை குழாய் அடியில இருந்து ஒரு விரல்கடை மேல நிக்க வேணும். இழுத்து மாட்டினால்தான் பிடிக்கும். கூட இறுக்கினா விளிம்பில சில்லுப் போயிடும்.

ஸ்பிரிங் கிடைக்கும்வரைக்கும் இறைச்சி கட்டுற பருத்தி நூலால கட்டி, குழாய்க்கு அடியில ஒரு சின்ன எஃகுக் கம்பியைக் குறுக்க வைச்சு முடிச்சுப் போட்டும் பாத்தனான். ஒருக்காப் போடலாம். அடுத்தமுறைக்கு நூல் தளந்துபோகும்.

---

ஈரோட்டுத்தறி (செவ்வாய்)

குடை 52 மி.மீ.ன்னா துணியை 95 மி.மீ. வட்டமா வெட்டுங்க. ஓரத்துல இருந்து 6 மி.மீ. உள்ள பருத்தி நூல்ல ஓட்டுத்தையல் போட்டு, குடைக்கு அடிப்பக்கமா சுருக்குப் பை மாதிரி இழுத்துக் கட்டுங்க. மேல்பக்கம் மத்தளத் தோலு மாதிரி விறைப்பா இருக்கணும். தொய்வு இருந்தா அங்க தூள் குழியா உக்காந்து அடைக்கும்.

பஞ்சுப் பக்கம் வெளிய, தூளைப் பாத்து வரணுமுங்க.

---

ஸ்காபரோ_கோப்பி (செவ்வாய்)

இதில மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டன். பஞ்சு தூளைப் பாத்தால் கழுவேக்கை துகள் சிக்கிக்கொண்டு போகாது, நாலு நாளில துணி கறுத்து ஊத்தை மணம் வரும். வழவழப்புப் பக்கம் வெளிய இருந்தால் தண்ணியைத் திறந்துவிட்டாலே கழுவுப்படும்.

---

ஈரோட்டுத்தறி (புதன்)

கழுவறதுக்கு நீங்க சொல்றது சுலபம்தானுங்க, அக்கா. ஆனா பஞ்சு மேல இருந்தாத்தான் மாவு பஞ்சுலயே நிக்கும், நெசவுக் கண்ணுக்குப் போகாது. பழைய பானை, அடைக்கக் கூடாதுன்னு எல்லாரும் பயந்துட்டு இருக்கோம். அதனால சொல்றேன். தம்பி ரெண்டையும் போட்டுப் பாத்துச் சொல்லட்டும்.

---

எடிசன்_டிகாக்ஷன் (வெள்ளி)

ஸ்பிரிங்கும் சங்கிலியும் நேற்று வந்தன. வெளுக்காத ஃபிளானல் தையற்கடையில் அரை கஜம் வாங்கினேன். மூன்று தண்ணீர் மாற்றிக் கொதிக்கவைத்து, காயவைத்து, 95 மி.மீ. வெட்டினேன். என் மனைவிதான் தையல் போட்டுக் கொடுத்தார். என் கையால் போட்டது கோணல்.

முதலில் வெறும் தண்ணீர். ஏற்றம் இறக்கம் இரண்டும் சுத்தம். குடை அசையவில்லை. சங்கிலியிலிருந்து முத்து முத்தாகக் குமிழி வருவதைப் பையன் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான்.

பிறகு சிக்கரி இல்லாத தூள், 700 மி.லி. தண்ணீருக்கு 42 கிராம். தண்ணீர் ஏறி முடிந்ததும் தூளைப் போட்டுக் கலக்கி, ஒரு நிமிடம் வைத்து, மறுபடி ஒருமுறை கலக்கி அடுப்பை அணைத்தேன்.

பஞ்சு வெளியே: 1 நிமிடம் 10 விநாடியில் இறங்கியது. வழவழப்பு வெளியே: 1 நிமிடம் 50 விநாடி, கடைசியில் கொஞ்சம் முனகல். தெளிவில் வித்தியாசம் தெரியவில்லை. கழுவும்போது அக்கா சொன்னதுதான் நடந்தது, பஞ்சுப் பக்கத்தை விரலால் நாலு நிமிடம் தேய்க்க வேண்டியிருந்தது. நான் பஞ்சை வெளியே வைத்துக்கொள்கிறேன், கழுவுவதைப் பார்த்துக்கொள்ளலாம்.

இன்று காலை பாட்டியை வீட்டுக்குக் கூப்பிட்டோம். அவர் கண்ணெதிரேயே போட்டேன். கடைசியில் காற்று உள்ளே போய்க் கொரகொரவென்று ஒரு சத்தம் வருமே, அது வந்ததும் அவர் பேச்சை நிறுத்திவிட்டுக் கைப்பிடியைத் தொட்டார். "அம்மா இந்தச் சத்தம் வந்த பிறகுதான் எங்களை எழுப்புவார்" என்றார். பால் ஊற்றாமல் இரண்டு கோப்பை குடித்தார். குடையைக் கழற்றிக் காட்டினேன், நம் ஊர் ஃபில்டரையும் காட்டினேன். அதில் எப்படிக் காப்பி போடுவது என்று கேட்டு, நின்று முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

---

வடக்கு_லண்டன் (வெள்ளி)

படித்துவிட்டு என் கோனாவை இறக்கி அடுப்பில் வைத்துவிட்டேன். அந்தச் சத்தத்துக்காகவே நானும் இதை வைத்திருக்கிறேன் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. கோரி தண்டு வந்தால் அதையும் போட்டுப் பார்த்து எழுதுங்கள்.

---

எடிசன்_டிகாக்ஷன் (சனி)

கட்டாயம் எழுதுகிறேன் ஐயா. ஸ்காபரோ அக்காவுக்கு ஒரு கேள்வி: துணியை இரண்டு காப்பிக்கு நடுவில் எப்படி வைக்கிறீர்கள்? நேற்று காயப்போட்டேன், இன்று விறைத்துப்போய் ஒரு காறல் வாடை வருகிறது.

---

ஸ்காபரோ_கோப்பி (சனி)

காயவிடக் கூடாது. துணியில இருக்கிற கோப்பி எண்ணெய் காத்துப் பட்டுக் காறிப்போகும், அந்த மணம்தான் அது. கழுவினதும் மூடி உள்ள போத்தலில தண்ணி நிறைச்சு, துணியைத் தாட்டு பிரிட்ஜில வையுங்கோ. ஒவ்வொரு நாளும் தண்ணி மாத்த வேணும். ஒரு கிழமை கோப்பி போடமாட்டன் எண்டால் ஈரத்தோட பையில போட்டு ஃப்ரீசரில வைப்பன்.

இப்ப காறினதைக் கொதிதண்ணியில கால் மணித்தியாலம் போட்டுப் பாருங்கோ. மணம் போகாட்டி எறிஞ்சுபோட்டுப் புதுசு வெட்டுங்கோ. அரை யார் துணி வாங்கினீங்கள்தானே, கனகாலத்துக்குக் காணும்.